இதயத்துக்கு விமான வாடகை

சென்ற வாரம் என் அக்கா மகன் கைப்பேசியில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தான். குற்றாலச் சாரலுக்குத் தனி விமானத்தில் வரலாமாம். சென்னையிலோ பெங்களூரிலோ ஏறினால் தூத்துக்குடியில் இறக்கி, அங்கிருந்து பெரிய காரில் அழைத்துவந்து, அருவியில் குளிக்கவைத்து, எண்ணெய் தேய்த்துவிட்டு, மறுநாள் திருப்பி அனுப்புவார்களாம். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று தொகையும் போட்டிருந்தது. கீழே அவன், “சித்தி, எட்டுப் பேரு சேந்தா ஒண்ணும் பெரிய காசு இல்ல போலுக்கே” என்று எழுதி, ஒரு சிரிப்புப் படமும் சேர்த்திருந்தான்.

நான் பதில் போடவில்லை. அவன் மேல் தப்பில்லை. விமான வாடகை என்பது அவனுக்கு ஒரு எண். எனக்கு அது ராயகிரியைச் சேர்ந்த ஒரு பையன், சென்னைக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் மிதித்துப் பிழைத்த ஒரு பெண். இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். அந்த விளம்பரத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் பெயர் உலகம்மாள். சொந்த ஊர் தென்காசி. நர்சிங் படித்து, நெல்லையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பாதி ஆயுள் அந்தப் பிரிவிலேயே போயிற்று. பிறகு சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்து, என்னை உறுப்புதான ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். விபத்தில் தலையில் அடிபட்டு வருகிறவர்களில் சிலருக்கு மூளை முற்றிலும் செத்துப்போகும். மருந்தாலும் இயந்திரத்தாலும் இதயம் மட்டும் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்குள் குடும்பத்தார் சம்மதித்தால் இதயம், கல்லீரல், சிறுநீரகங்களை எடுத்து, காத்திருக்கும் நோயாளிகளுக்குக் கொடுக்கலாம். அந்தக் குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்து கேட்பவள் நான். விற்பதும் வாங்குவதும் குற்றம். யாருக்குப் போகவேண்டும் என்பதை மாநில ஒதுக்கீட்டு அலுவலகம் வரிசைப்படி சொல்லும். “வரிசையில முதல்ல நிக்கிறவங்களுக்குத்தான் போகும், ஏழை பணக்காரன்னு பாக்க மாட்டாங்க.” இதை நான் எத்தனையோ தாய் தகப்பன்களிடம் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கும்.

எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் ஜெயசீலன். மெலிந்த மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குடும்பத்தாரிடம் பேசப் போகுமுன் கைப்பேசியை அணைத்து யாராவது ஒரு நர்ஸிடம் கொடுத்துவிடுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுவார். பேச்சின் நடுவே தன் கண் தன்னை அறியாமல் மணி பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. நின்றுகொண்டு அவர் கெட்ட செய்தி சொன்னதே கிடையாது. நாற்காலி இல்லையென்றால் மருந்துப் பெட்டி மேல் உட்காருவார். எனக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: “ரெண்டாவது டெஸ்ட் முடியிற வரைக்கும் நீங்க அவங்க கண்ணுலயே படக் கூடாது. உங்களைப் பார்த்தா நாம பிள்ளையக் காப்பாத்துறதை விட்டுட்டோம்னு நினைப்பாங்க. அந்தச் சந்தேகம் ஒரு நிமிஷம்கூட வரக் கூடாது.”

சில ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதக் கடைசி. சாரல் நன்றாக விழுந்திருந்தது. ராயகிரியிலிருந்து மகேஷ் என்ற பையன் கூட்டாளிகளோடு ஐந்தருவிக்கு வந்து குளித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பியிருக்கிறான். அச்சன்புதூர் போகும் ரோட்டில் எதிரே வந்த வேன் தூக்கி எறிந்துவிட்டது. தென்காசியில் முதலுதவி செய்து எங்களிடம் அனுப்பினார்கள். இருபத்து மூன்று வயது. தலைமுடியில் அருவித் தண்ணீரின் ஈரம் காயவில்லை என்று அவனைத் துடைத்த நர்ஸ் சொன்னாள்.

இரண்டு நாள் போராடினார்கள். மூன்றாம் நாள் காலையில், மூளை செத்துவிட்டதா என்று பார்க்கும் முதல் சோதனை நடந்தது. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டாவது சோதனை. அதைப் பார்க்கப் பையனின் தகப்பனாரை டாக்டரே உள்ளே அழைத்தார். பெயர் வெள்ளத்துரை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, ராயகிரியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்தார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அவர் கண்ணில் படாமல் நின்றேன்.

டாக்டர் பையனின் கண்ணில் டார்ச் அடித்தார். கண்பாவை சுருங்கவில்லை. பஞ்சுத் திரியால் விழியைத் தொட்டார். இமை அசையவில்லை. காதுக்குள் பனிக்கட்டித் தண்ணீரைச் செலுத்தினார். கண் அப்படியே நிலைத்திருந்தது. கடைசியாக, ஆக்சிஜன் மட்டும் உள்ளே போகும்படி ஒரு மெல்லிய குழாயை வைத்துவிட்டு, மூச்சு இயந்திரத்தைக் கழற்றினார். நெஞ்சின் மேலிருந்த துணியை விலக்கினார்.

“பாருங்க. அவனா மூச்சு எடுக்கிறானான்னு நீங்களே பாருங்க” என்றார்.

வெள்ளத்துரை மகனின் நெஞ்சைப் பார்த்தபடி நின்றார். தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டுதான் அவர் பார்த்திருக்கிறார். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் அவருடைய மூச்சுதான் பெரிதாக வெடித்து வந்தது. மகனின் நெஞ்சு எழவில்லை. ரத்தச் சோதனை முடிவு வந்தது. நான்கு டாக்டர்கள் கையெழுத்திட்டார்கள். அதன் பிறகுதான் நான் போனேன்.

அவர் மனைவி பேச்சியம்மாள், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “வலிக்காதுல்லா?” என்று மட்டும் கேட்டார்.

“வலிக்காதும்மா.”

வெள்ளத்துரை வேறு ஒன்று கேட்டார். “யாருக்கும்மா குடுப்பீய? எவனாவது காசுள்ளவன் தூக்கிட்டுப் போயிருவானா?”

“இல்ல அண்ணாச்சி. வரிசையில முதல்ல நிக்கிறவங்களுக்குத்தான்.”

“அப்பச் சரி. எடுத்துக்கோங்க” என்று கையெழுத்துப் போட்டார்.

ஒதுக்கீட்டு அலுவலகம் இதயத்தை வரிசையில் முதலாவதாக இருந்த நோயாளிக்கு ஒதுக்கியது. சென்னையில் ஒரு மருத்துவமனை. அங்கே என்னைப் போன்ற வேலையில் இருந்தவள் ஷீலா. நோயாளியின் பெயரைச் சொல்லக் கூடாது, அவளும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வயதுப் பெண், வீட்டில் தையல் வேலை, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இதயம் வீங்கிப் பலமிழந்துவிட்டது என்ற அளவுக்குச் சொன்னாள்.

இதயத்தை வெளியே எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். சென்னைக்குக் கார் உதவாது. போலீஸ் விசாரணை முடிந்து அறுவைச் சிகிச்சையும் முடிவதற்குள் தூத்துக்குடியிலிருந்து கடைசிப் பயணி விமானம் போய்விடும். மிச்சம் இருந்த வழி தனி விமானம்.

“அக்கா, ஆபரேஷனுக்கு அரசுக் காப்பீடு இருக்கு. ப்ளேனுக்கு இல்ல. அவங்க வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கிறவர். நான் யார்கிட்ட போய்க் கேக்கிறது?” என்றாள் ஷீலா.

நானே ஒரு விமான வாடகை நிறுவனத்துக்குப் பேசினேன். எடுத்த இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான். சென்னையிலிருந்து விமானம் காலியாக வரவேண்டும், காலியாக வருவதற்கும் வாடகை உண்டு. இங்கே காத்து நிற்பதற்கு வாடகை. விமான நிலையத்தை வழக்கமான நேரத்துக்கு மேல் திறந்துவைக்கச் சொன்னால் அதற்குத் தனி. விமானிகளின் படி தனி. இத்தனைக்கும் மேல் வரி. பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியது. பணம் முழுவதும் வந்து சேராமல் சக்கரம் உருளாது. இதயம் அதில் இருக்கப்போவது ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலோ. மிச்சமெல்லாம் காலி விமானம் பறப்பதற்கும் நிற்பதற்கும்.

என் குரலைக் கேட்டு இரக்கப்பட்டானோ என்னவோ, அவன் சொன்னான்: “எங்க ப்ளேன் ஒண்ணு தூத்துக்குடியிலயேதான் நிக்குது மேடம். ஆனா அது ஒரு பார்ட்டிக்குப் புக் ஆயிருக்கு. குற்றாலத்துக்குக் குளிக்க வந்திருக்காங்க. நாளை மறுநாள்தான் திரும்பறாங்க. வெயிட்டிங்குக்கும் சேர்த்துக் கட்டிட்டாங்க. அவங்க சரின்னா பாதிச் செலவுல முடிச்சுரலாம்.”

பாதி என்றால் ஒரு அறக்கட்டளையில் பேசி வாங்கிவிடுவேன் என்றாள் ஷீலா. மனசு கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த இளைஞன், விமானத்தை எடுத்தவர் குற்றாலத்தில் தங்கியிருந்த விடுதியின் பெயரையும், அவருடைய மேனேஜர் எண்ணையும் கொடுத்தான்.

“சார் மசாஜ்ல இருக்காங்க. இப்பப் பேச முடியாது” என்றார் மேனேஜர்.

“அவங்க பேச வேண்டாம் சார். சரின்னு ஒரு வார்த்தை நீங்க கேட்டுச் சொன்னாப் போதும். ப்ளேன் இன்னைக்கே போயிட்டு நாளைக்கு வந்துரும். உங்களுக்கு எந்த இடைஞ்சலும் இல்ல.”

“சீட் எல்லாம் வெள்ளை லெதர் மேடம். ரத்தம் கித்தம் சிந்துனா?”

மூன்று உறைக்குள் கட்டி, பனிக்கட்டி போட்ட பெட்டிக்குள் வைத்து மூடுவோம், ஒரு சொட்டுக்கூட வெளியே வராது என்று விளக்கினேன். ஒரு உயிருக்காகக் கெஞ்சும்போது நாற்காலித் தோலைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது. “சார் வந்ததும் சொல்றேன்” என்று வைத்துவிட்டார். அதன் பிறகு நான் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை.

என் கணவர் சிவசைலம் பள்ளி ஆசிரியர். அன்று தென்காசியில் வீட்டில் இருந்தார். அவரைக் குற்றாலத்துக்கு, அந்த விடுதிக்கு அனுப்பினேன். ஸ்கூட்டரில் மழையில் நனைந்துகொண்டே போய்விட்டுப் பேசினார்.

“வாசல்லயே நிறுத்திட்டானுவ உலகு. சாரு அருவிக்குப் போயிருக்காவன்னு ஒருத்தன் சொல்லுதான். தூங்குதாவன்னு இன்னொருத்தன் சொல்லுதான். மேனேஜரைக் கூப்பிடுங்கன்னா, அவரு மேல நின்னு எட்டிப் பாத்துட்டு உள்ள போயிட்டாரு.”

டாக்டரிடம் ஓடினேன். அறுவையைக் காலை வரைக்கும் தள்ளிவைத்தால் முதல் பயணி விமானத்திலேயே பெட்டி போய்விடும், தம்பிடிச் செலவில்லை என்றேன். அவர் பையனின் ரத்த அழுத்தத்தைக் காட்டினார். மருந்தைக் கூட்டக் கூட்டக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“இதயத்துக்காகக் காத்திருந்து கல்லீரலையும் ரெண்டு கிட்னியையும் இழக்கச் சொல்றீங்களா? மூணு பேர் அங்க தயாரா இருக்காங்க. நீங்க கேக்கிறது நியாயம்தான். ஆனா இந்த பி.பி. உங்க நியாயத்தைக் கேக்காது.”

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

ஒதுக்கீட்டு அலுவலகம் கொடுத்த அவகாசம் முடிந்தது. ஷீலா கூப்பிட்டாள். “வேண்டாம்னு சொல்லிட்டோம் அக்கா. காரணம் என்னன்னு கேட்டாங்க. போக்குவரத்து வசதி இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன்.

இதயம் சென்னையிலேயே வேறொரு மருத்துவமனையில், வரிசையில் அடுத்து இருந்தவருக்குப் போயிற்று. அவர் வீட்டில் கேட்ட உடனே பணம் கட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்த விமானம் பெங்களூரிலிருந்து புறப்பட்டது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவரும் சாவின் வாசலில்தான் கிடந்தார். இன்றும் நலமாக இருக்கிறார் என்று கேள்வி, சந்தோஷம்.

பெட்டியோடு ஆம்புலன்ஸில் நானும் போனேன். வழிநெடுக போலீஸார் வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்கள். ஓரத்தில் நின்ற சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு லாரி டிரைவர் இறங்கி நின்று தலைத்துண்டை எடுத்தார். விமான நிலையத்தில் வண்டி உள்ளேயே போக அனுமதித்தார்கள். நன்றாக இருட்டி, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பெங்களூரிலிருந்து வந்த விமானம் கதவைத் திறந்துவைத்துத் தயாராக நின்றது. அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொன்று. அதே அளவு, அதே வெள்ளை. இன்ஜின் வாய்களுக்குச் சிவப்புத் துணியில் மூடி போட்டிருந்தார்கள். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். காவலாளி ஒருவர் அதன் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும் போலிருந்தது எனக்கு. கல்லெடுத்து எறியவேண்டும் போலவும் இருந்தது. பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் காலையில் பிணவறை வாசலில் வெள்ளத்துரை நின்றிருந்தார்.

“போயிச் சேந்துட்டாம்மா?”

“சேந்துட்டு அண்ணாச்சி. நல்லபடியாத் துடிக்குதாம்.”

“முதல்ல நின்ன ஆளுக்குத்தானே?”

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவரிடம் என்னால் முடியவில்லை. “இல்ல அண்ணாச்சி, அடுத்த ஆளுக்கு. முதல்ல இருந்தவங்களால ப்ளேன் வாடகை கட்ட முடியல.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டு இல்லை. புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ள முயன்ற பார்வை.

“நான் காசு வாங்காமத்தானேம்மா குடுத்தேன்” என்றார்.

பிள்ளையைக் கொடுத்தவரின் முன்னால் என்னைப் பொய்க்காரியாக நிறுத்திவிட்டார்கள். அந்தக் கோபத்தோடு விடுப்பு சொல்லிவிட்டு நேராகக் குற்றாலம் போனேன். என்னை நர்ஸ் உடையில் பார்த்ததாலோ என்னவோ, வாசலில் தடுக்காமல் உள்ளே விட்டுவிட்டார்கள். விமானத்தை வாடகைக்கு எடுத்திருந்தவர் புல்வெளியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வயதானவர், நெற்றியில் திருநீறு. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“என்கிட்ட யாரும் சொல்லலையேம்மா. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.”

“கேட்டோம் சார்.”

மேனேஜர் பின்னால்தான் நின்றிருந்தார். “நீங்க ரெஸ்ட்ல இருக்கும்போது தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொல்லியிருந்தீங்க சார்” என்றார். பெரியவர் அவரை என் முன்னாலேயே கடிந்துகொண்டார். பிறகு எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். மருத்துவமனைக்கு ஏதாவது நன்கொடை கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த மனிதர் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. ஆனாலும் அவ்வளவு வெறுப்பு அதற்கு முன் எனக்கு யார் மேலும் வந்ததில்லை. தன்னை யாரும் எதற்கும் கேட்டுவிடாதபடி சுற்றிலும் ஆள் வைத்துக்கொண்டு, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று சொல்ல ஒருவரால் முடிகிறது. விமான வாடகையோடு அவர் அதையும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தார்.

அடுத்த மாதம் ஷீலா பேசினாள். தையல் வேலை செய்த அந்தப் பெண் இறந்துபோனாள். வேறு இதயம் வரவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில் நான் நிர்வாகத்திடம் சொன்னேன்: “வரிசையில முதல்ல நிக்கிறவங்களுக்குப் போகும்னு இனிமே நான் சொல்ல மாட்டேன். கொண்டுபோக வசதி இருக்கிறவங்கள்ல முதல் ஆளுக்குப் போகும்னுதான் சொல்லுவேன்.”

“அப்படிச் சொன்னா ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. காத்திருக்கிற நோயாளிங்க சாவுறதுக்கு நீங்க காரணம் ஆவீங்க” என்றார் நிர்வாக அதிகாரி. கூட்டத்தில் எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

“சொல்லட்டும். அவங்க சொல்லும்போது நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்” என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன் பிறகு ஒவ்வொரு குடும்பத்திடமும் உள்ளதைச் சொன்னேன். இதயம் தூரமாகப் போகவேண்டியிருந்தால் விமானச் செலவை அதைப் பெறுகிறவர்கள்தான் கட்டவேண்டும், கட்ட முடியாதவர்களைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடும் என்று. சிவகிரிப் பக்கத்து ஒரு அம்மா, “இது என்ன அநியாயம், நாங்க வேணும்னா ஊருல வசூல் பண்ணித் தாரோம்” என்று சண்டைக்கு வந்தார். சண்டை போட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டார். அதிகாரி பயந்தது நடக்கவில்லை. சனங்கள் உண்மையைத் தாங்கிக்கொள்வார்கள். தாங்க முடியாதவர்கள் மேலே இருப்பவர்கள்தான்.

இதற்கிடையில் வெள்ளத்துரை தன் வழியில் ஒன்று செய்துகொண்டிருந்தார். தென்காசி கலெக்டர் அலுவலகத்தில் மனுநாள் தோறும் வந்து ஒரு மனு கொடுப்பார். தானமாகக் கிடைக்கிற இதயத்தைக் கொண்டுபோக அரசாங்கமே விமானம் ஏற்பாடு செய்யவேண்டும், ஏழைக்கு ஒதுக்கிய இதயம் வாடகைக்காகக் கைமாறக் கூடாது என்பதுதான் மனு. “நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, உள்ள இருந்து பாத்தவுக நீங்கதானே” என்று என்னிடம் கேட்டார். நோயாளி விவரங்களை வெளியே பேசக் கூடாது, நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று எங்களுக்கு விதி. நான் மறுத்தேன். அவர் வருத்தப்படவில்லை. வேலையில் இருக்கிற ஆளின் நிலைமை ராணுவத்தில் இருந்தவருக்குத் தெரியாதா.

போன ஆண்டு ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் சால்வை போட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை மனுநாள். பெயரும் ஊரும் இல்லாமல், நடந்ததை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளத்துரை எனக்கு முன்பே வரிசையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தன் மனுவை நீட்டினார். அவர் பெயருக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

மனு பதிவு செய்கிற பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். “தாத்தா, இதே மனு போன தடவையும் குடுத்தீங்கல்லா? பதில் வந்திருக்குமே.”

“வந்துச்சு தாயி. இது எங்க துறை இல்லன்னு வந்துச்சு. எந்தத் துறைன்னு கேட்டு எழுதியிருக்கேன்.”

அவள் கணினியைப் பார்த்துக்கொண்டே, “மனுதாரர் நீங்க ஒருத்தர்தானே?” என்று கேட்டாள்.

“இல்ல. இப்ப ரெண்டு பேரு” என்றார் வெள்ளத்துரை.